ஓட்டிப் பார்க்காத வரி

மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்தது பெனிட்டா மிஸ்ஸின் டியூஷன் சென்டர். கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மேலே பாடமும் தும்மலும் மாறி மாறி நடக்கும். மிஸ்ஸுக்கு வயது இருபத்தெட்டு. அவரிடம் படிக்க வந்த இந்திராணிக்கு நாற்பத்து நாலு. இவள் அவரை மிஸ் என்றாள், அவர் இவளை அக்கா என்றார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

மத்தியான வகுப்புக்கு இந்திராணி ஒருத்திதான்.

அரசுப் பள்ளிக் கணினி ஆசிரியர் தேர்வை அவள் முன்பே இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். இரண்டு தடவையும் காலை வாரியது ஒரே பகுதிதான். சி என்ற கணினி மொழியில் குட்டியாக ஒரு புரோகிராமைக் கொடுத்து, இதை ஓட்டினால் திரையில் என்ன வரும் என்று கேட்பார்கள். ஓட்டிப் பார்க்கக் கம்ப்யூட்டர் தரமாட்டார்கள். கண்ணும் பேனாவும்தான். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. பரீட்சை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

படிக்காமல் தோற்றவள் இல்லை இந்திராணி. வேகம் ஜாஸ்தி, அவ்வளவுதான். அவள் வீட்டில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்து வெகு காலம் ஆகிறது. மகன் "அம்மா, என்னோட..." என்று ஆரம்பித்தால் "கொடியில காயுது" என்பாள். கொடியில்தான் காய்ந்துகொண்டிருக்கும். அதுதான் கோளாறே. பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருந்து தொலைத்தது.

இந்தத் தேர்வைப் பற்றி வீட்டுக்காரருக்குத் தெரியாது. மூன்றாவது தடவை எழுதப் போகிறேன் என்றால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. ஸ்லோக வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

போன வாரம் ஒரு கணக்கு வந்தது. ஏழை இரண்டால் வகுத்து, வந்ததை ஒரு முழு எண் பெட்டியில் போட்டு, அதைத் திரையில் காட்டச் சொல்லியிருந்தது.

"மூணரை," என்றாள் இந்திராணி.

"மூணு," என்றார் மிஸ்.

"அரை எங்க போச்சு?"

"அந்தப் பெட்டியில அரைக்கு இடமில்ல அக்கா. கீழ போட்டுட்டுப் போயிடும்."

"அப்படிப் போடலாமா? ஏழுல பாதி மூணரைதானே?"

"ஏழுல பாதி மூணரைதான். இது என்ன காட்டும்னு கேட்டாங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த அரையை நினைத்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இன்று உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டாள்.

"மிஸ், பார்த்த மாத்திரத்துல விடை தெரியணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

மிஸ் சுண்டல் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். கூடவே ஒரு தாளையும் நகர்த்தினார்.

"சாப்பிட்டுக்கிட்டே போடுங்க."

பத்துப் பன்னிரண்டு வரிப் புரோகிராம். எல்லாப் பெயரும் ஒற்றை எழுத்து.

"என்ன மிஸ் இது? பி, க்யூ, ஆர், எஸ்ஸுன்னு ரயில்வே கோச் மாதிரி. ஃபங்ஷனுக்குப் பேரு எக்ஸா? இது என்ன வேலை செய்யுதுன்னே தெரியலையே."

"தெரியலைன்னா என்ன செய்வீங்க?"

"வேற வழி? வரி வரியாத்தான் போகணும்."

"போங்க."

முனகிக்கொண்டே பெட்டி பெட்டியாக வரைந்தாள். பி பெட்டியில் ஐந்து. க்யூ பெட்டியில் எட்டு. அடுத்து எக்ஸ் என்ற ஃபங்ஷனை, தனியாக எழுதி வைத்த குட்டிப் பகுதியை, புரோகிராம் கூப்பிடுகிறது. ஐந்து ஆருக்குப் போகிறது, எட்டு எஸ்ஸுக்குப் போகிறது. உள்ளே ஆரும் எஸ்ஸும் ஒன்றின் எண்ணை ஒன்று வாங்கிக்கொள்கின்றன. ஃபங்ஷன் முடிகிறது. கடைசியில் பியையும் க்யூவையும் திரையில் காட்டச் சொல்கிறது. அந்த இரண்டு பெட்டியையும் யாரும் தொடவேயில்லை.

"அஞ்சு, எட்டு."

"சரி."

இந்திராணிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள்.

அப்போது போன் அடித்தது. வீட்டுக்காரர். நூல் மில்லில் சூப்பர்வைசர் வேலை அவருக்கு, இன்று வார லீவு.

"இந்திரா, வந்து..."

"சாம்பார் மேடையில மூடி வெச்சிருக்கேன். அப்பளம் தூக்குல இருக்கு. ஸ்லோகத்துல இருக்கேன்ல?"

வைத்துவிட்டாள்.

மிஸ் இரண்டாவது தாளை நீட்டினார். இதில் பெயர்கள் எல்லாம் நன்றாக இருந்தன. முதல் எண், இரண்டாம் எண். ஃபங்ஷனுக்கு ஸ்வாப் என்று பெயர். கம்ப்யூட்டர் படித்த யாருக்கும் தெரியும், இரண்டு எண்களை இடம் மாற்றி வைப்பதற்குத்தான் அப்படிப் பெயர் வைப்பார்கள்.

இந்திராணி பெயரைப் பார்த்தாள், ஐந்தையும் எட்டையும் பார்த்தாள், முடிந்தது.

"எட்டு, அஞ்சு."

"பேனாவையே எடுக்கலையே அக்கா."

"இதுக்கெல்லாம் எதுக்கு மிஸ் பேனா? பச்சப்புள்ள சொல்லும்."

"தப்பு."

"எப்படித் தப்பாகும்?"

"முதல் தாளும் இதுவும் ஒரே புரோகிராம்தான். பேரை மட்டும் மாத்தினேன்."

இந்திராணி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வரிக்கு வரி விரலை வைத்துப் பார்த்தாள். அதேதான். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

"மிஸ், இது நியாயமில்ல. ஸ்வாப்னு பேரை வெச்சுட்டு மாத்தாம விட்டா, அது எழுதினவன் தப்பு."

"அவன் தப்புதான்."

"அப்புறம்?"

"மார்க் யாருக்குப் போகுது?"

இந்திராணி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் ரொம்ப நேரம் மூடி வைத்திருக்கக்கூடிய வாய் இல்லை அது.

"பரீட்சையில நாலு விடை குடுக்கிறாங்களே, அதுல இந்த எட்டு, அஞ்சு மாதிரிதான் எப்பவும் முதல் விடையா நிக்குது மிஸ். வேணும்னே வெக்கிறாங்க."

"ஆமா. கேள்வி எழுதுறவருக்கு உங்களை நல்லாத் தெரியும்."

"சரி, ஒண்ணு கேக்கிறேன். உள்ளே மாத்துறானா இல்லையா? கண்ணு முன்னாடி மாத்துறான். அது எப்படி வெளியில மாறாம இருக்கும்?"

மிஸ் எழுந்து, இரண்டாவது தாளை மூலையில் இருந்த ஜெராக்ஸ் மெஷினில் வைத்து ஒரு நகல் எடுத்தார். மூலத்தை இந்திராணி கையில் கொடுத்தார். நகலை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க தாள் கிழிஞ்சுதா அக்கா?"

"இல்ல."

"கிழிச்சேனே, கண்ணு முன்னாடி. ஃபங்ஷனுக்குள்ள போறதும் நகல்தான்."

இந்திராணி கையில் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுபடியும் போன்.

"இந்திரா, ஒரு..."

"மோட்டாரை அமத்துங்க. டேங்க் ரொம்பி வழியும். இதுக்கு ஒரு போனா?"

வைத்தாள். வைத்த வேகத்தில் மிஸ் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்றதெல்லாம் சரி மிஸ். வரி வரியாப் போகணும், ஒத்துக்கிறேன். ஆனா நான் இருபது வருஷமா ஒரு வீட்டை நடத்துறேன். ஒவ்வொருத்தரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா ஒரு வேலை நடக்குமா?"

"நடக்காது."

"பாருங்க."

"அண்ணன் இப்ப எதுக்குப் போன் பண்ணாங்க?"

"மோட்டாருக்கு."

"மோட்டார்னு சொன்னாங்களா?"

"சொல்ல வந்தார்."

"என்ன சொன்னாங்க?"

இந்திராணி யோசித்தாள். "'ஒரு'ன்னார்."

"அதுக்கு முந்தின போன்ல?"

"'வந்து'ன்னார்."

மிஸ் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பரீட்சைக் கேள்வி மாதிரியே அழகாக எழுதினார். முதல் வரி: இந்திரா, வந்து. இரண்டாம் வரி: இந்திரா, ஒரு. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, அவுட்புட் என்ன?

தாளை அவள் முன்னால் வைத்தார்.

"போடுங்க."

இந்திராணி பேனாவை எடுத்தாள். சாம்பார் என்று எழுதப் போனாள். முதல் எழுத்தின் பாதியில் பேனா நின்றது. அடுத்து மோட்டார் என்று எழுதலாமா என்று பார்த்தாள். அந்த வரிகளில் சாம்பாரும் இல்லை, மோட்டாரும் இல்லை.

போன் மூன்றாவது தடவை அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தாள். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"இந்திரா..."

அவள் பேசவில்லை.

"ஹலோ? இந்திரா? இருக்கியா?"

"ம்."

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறே?"

"நீங்க சொல்லுங்க."

கல்யாணமான நாளாக அவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு வாய்த்ததில்லை. மனிதர் தடுமாறிப்போனார்.

"அது வந்து... நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிரவுசிங் சென்டர்ல நிக்கிறேன். உனக்கு ஹால் டிக்கெட் வந்திருக்குன்னு என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு."

இந்திராணி தன் கையைப் பார்த்தாள். கேஸுக்கு, கரண்டுக்கு, ரேஷனுக்கு என்று எல்லாவற்றுக்கும் அவர் நம்பரையே எழுதிப் பழகிய கை. ஒளித்து எழுதிய விண்ணப்பத்திலும் அதே நம்பரைத்தான் போட்டிருக்கிறது.

"என்னங்க, நான் வந்து..." என்று ஆரம்பித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"இன்னிக்கு சாயந்தரத்துக்கு மேல எடுக்க முடியாதாம், இங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற தம்பி சொல்றார். அதான் மறுபடி மறுபடி அடிச்சேன். நீ சாம்பாருங்கிறே. பரீட்சை சென்டர் மதுரைன்னு அந்த மெசேஜ்லயே போட்டிருக்கு. விடிகாலையில பஸ்ஸை நம்பிக்கிட்டு நிக்க வேண்டாம். நான் பைக்ல கொண்டாந்து விடுறேன். நீ எழுதிட்டு வர்ற வரைக்கும் எதிர்ல டீக்கடையில உக்காந்திருக்கேன். என்ன?"

மூன்றாவது தடவை என்றால் அவர் என்ன சொல்வார் என்று அவள் மனசுக்குள் எழுதி வைத்திருந்த விடையில் டீக்கடை இல்லை. பைக்கும் இல்லை.

"ம்," என்றாள்.

"சரி, இப்ப பாஸ்வேர்டைச் சொல்லு. உன் பேரைப் போட்டேன், தப்புங்குது. பையன் பேரைப் போட்டேன், தப்பு. உங்கம்மா பேரு, அதுவும் தப்பு. நீ என்ன வெச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதான்னு நெனச்சேன், பாரு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் விடுமாம். அதுவும் தப்பாப் போனா பூட்டிக்குமாம்."

இந்திராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

பாஸ்வேர்டு அவர் பெயர்தான். முழுப் பெயர். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று யோசித்து யோசித்து வைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் இருக்கிற மகனைப் பார்ப்பாள். ஊரில் எல்லாருடைய வாக்கியத்தையும் முடித்து வைக்கிற வாய், அந்த ஒரு பெயரிடம் மட்டும் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது.

"மெசேஜ்ல அனுப்பவா?"

"மெசேஜ் வர்றதுக்குள்ள இங்க கரண்ட் போயிடும். ஏற்கெனவே ரெண்டு தடவை போயிட்டு வந்துச்சு. தம்பி கீபோர்டுல கைய வெச்சுக்கிட்டு இருக்கார். சொல்லு இந்திரா."

அவள் போனின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். முகம் சிவந்திருந்தது. சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பொத்திய போனை மிஸ் பக்கம் நீட்டினாள்.

"மிஸ், நீங்க சொல்லிடுங்களேன். நான் தாள்ல எழுதிக் காட்டுறேன்."

மிஸ் கையை நீட்டவில்லை.

"அந்தப் பேரு உங்க வரி அக்கா. அதை நான் எப்படி ஓட்ட முடியும்?"