சப்பட்டை விதையைத் தூவிய கதை

அந்தக் காலத்தில் நண்டுக்கும் தவளைக்கும் புழுவுக்கும் ஒரே பாஷைதான். மலையடிவாரத்துப் பாறையிடுக்கில் ஒரு சுனை இருந்தது. அதில் குடியிருந்தவர்கள் முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, புறம் பேசிக்கொண்டு, நன்றாகவே இருந்தார்கள்.

படைத்தவள் ஒவ்வொரு பிராணியையும் பூமிக்கு அனுப்பும்போது ஒரு பிடி விதை கொடுத்தனுப்பினாள். காலோ வாலோ கண்ணோ, உடம்பில் எது போனாலும் அந்த இடத்தில் ஒரு விதையை ஊன்றினால் போதும், போனது திரும்ப முளைக்கும். பிள்ளை பிறந்தால் அதற்கும் இதிலிருந்தே பங்கு கொடுக்க வேண்டும். எந்தப் பஞ்சத்திலும் இதைத் தின்னக்கூடாது என்பது மட்டும் அவள் போட்ட கட்டளை.

எல்லாரும் தங்கள் விதையை ஓரிடத்தில் பத்திரப்படுத்தினார்கள். நண்டு கொடுக்கின் அடியில் வைத்தது. தவளை தொண்டைப் பையில் வைத்தது. பல்லி வாலின் அடியில் செருகிக்கொண்டது. தட்டைப்புழுவுக்குத்தான் வைக்க இடமில்லை. ஓடு கிடையாது, எலும்பு கிடையாது, நனைந்த இலை மாதிரி கல்லோடு ஒட்டிக்கிடக்கிற உடம்பு. வாய்கூட முகத்தில் இல்லை, வயிற்றின் நடுவில் இருந்தது. சப்பட்டை என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இரையை உறிஞ்சும் வாய்க்குழலை மடித்து வைக்கும் வயிற்றுப் பையிலேயே விதையையும் போட்டு வைத்தாள்.

பிறகு மழை பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. சுனை வற்றி, பாறைக் குழியில் சேறும் கொஞ்சம் கலங்கல் தண்ணீரும் மிஞ்சின. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இங்கே முதலில் பறந்தது படைத்தவளின் கட்டளை. தவளை ‘ஒன்றே ஒன்று’ என்று ஆரம்பித்துப் பையையே துடைத்துவிட்டது. பல்லி வாலுக்கு மட்டும் மிச்சம் வைத்தது. நண்டு, கொடுக்குக்கும் காலுக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்றது.

சப்பட்டை மட்டும் தொடவில்லை. பசி பொறுக்காதபோது தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உயிரை ஓட்டினாள். விரல் நீளம் இருந்தவள் நெல்லளவு ஆனாள். கல்லுக்கு அடியில் அவளுடைய முட்டைக்கூடு ஒட்டியிருந்தது. பிள்ளைகள் பொரிந்து வரும்போது கையில் விதை இல்லாமல் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவள் கவலை. அவளுக்குக் கையே இல்லை என்பது வேறு விஷயம்.

நண்டு அந்தச் சுனைக்கு மடைக்காவல். வேலியே பயிரை மேயக் கிளம்பியது. சப்பட்டை எங்கே விதை வைத்திருக்கிறாள் என்று தவளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு காலை நேரத்தில் கல்லருகே வந்து நின்றது. பையைத் தானே கிழித்தால் விதை சேற்றில் சிந்திவிடுமே என்ற யோசனையில் அவளுக்குத் தவணை கொடுத்தது.

“வெயிலு இந்தக் கல்லத் தொட்டதும் வருவேன். நீயாக் குடுத்துட்டா உசுரு மிஞ்சும்.”

“அது எம் புள்ளைங்க பங்குண்ணே.”

“இன்னும் பொறக்காததுக்கு என்ன பங்கு?” என்று சொல்லிவிட்டு நண்டு போய்விட்டது.

எங்கே ஓடுவாள்? சுற்றிலும் சுடுபாறை. முட்டைக்கூட்டைப் பெயர்த்து எடுக்கவும் முடியாது. விதையைச் சேற்றில் புதைக்கலாம் என்றால் குழியோரத்தில் தவளை கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பாறையில் வெயில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தவளை முன்பொரு நாள் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. மலைச்சரிவில் மனிதர்கள், வீட்டில் பிள்ளைகள் பசியில் அழும்போதும் விதைத் தினையைத் தின்னாமல், மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் அள்ளி வீசிவிட்டுப் போனார்களாம். பானையில் இருந்தால் காவலாவது காக்கலாம், பைத்தியக்கார ஜென்மங்கள் என்று தவளை சொன்னது. பானையில் இருந்தால் திருடவும் செய்யலாமே என்று சப்பட்டைக்கு இப்போது தோன்றியது. காடு முழுக்கத் தூவியதை யார் பொறுக்கி எடுக்க முடியும்?

ஆனால் தூவிவிட்டால் தூவியதுதான், அவளாலும் திரும்பச் சேர்க்க முடியாது. பிள்ளைகளின் பங்கு பாழாய்ப் போனாலும் போகலாம். அவளுக்குப் பயமாக இருந்தது. பயந்துகொண்டே பையைத் திறந்தாள்.

விதைகளை ஒவ்வொன்றாகத் தன் உடம்புக்குள்ளேயே தள்ளினாள். வால் பக்கம் சில, விலாப்பக்கம் சில, முதுகுக்குச் சில. நெல்லளவு உடம்புதான், ஆனாலும் நகர்த்துகிறவளுக்கு அது ஏழு காடு. வெயில் பாறையை விட்டுச் சேற்றில் இறங்கியது. கழுத்துவரை தூவியாயிற்று. வெயில் கல்லை நெருங்கியது. கண்ணுக்குப் பின்னால் கடைசி விதையை வைத்தாள். வாய்க்குழலுக்கும் கண்ணுக்கு முன்னாலிருந்த மூக்கு நுனிக்கும் விதை இல்லை. வெயில் கல்லைத் தொட்டுவிட்டது.

நண்டு வந்து கல்லைப் புரட்டியது. வெளிச்சம் அவள்மேல் சுள்ளென்று விழுந்தது. அவள் முட்டைக்கூட்டின்மேல் படுத்துக்கொண்டாள்.

“அது வெதண்ணே...” என்றாள்.

அதற்குமேல் சொல்லவிடாமல் கொடுக்கு இறங்கியது. நண்டு அவளை இரண்டாக நறுக்கிப் பையைப் பிளந்து பார்த்தது. பை காலி. ஆத்திரத்தில் மறுபடி நறுக்கியது. தலைப்பக்கம், வால்பக்கம், நடுப்பக்கம் எங்கேயும் ஒரு குவியல் விதை அகப்படவில்லை. பொய் சொன்னாயா என்று தவளையை விரட்டிவிட்டு, கிடந்த வாய்க்குழலை வாயில் போட்டுக்கொண்டு, நண்டு பசியோடு திரும்பியது. துண்டுகள் வெயிலில் கிடந்தன.

சாயங்காலம் இடி இடித்தது. மழை கொட்டிக் குழி நிறைந்தது, நண்டு புரட்டிய கல் வெள்ளத்தில் பழையபடி கவிழ்ந்தது. துண்டுகள் தண்ணீரில் உருண்டு கல்லின் அடிக்குப் போய்ச் சேர்ந்தன.

சில நாள் கழித்து நண்டு அந்தக் கல்லுக்கு அடியில் ஒதுங்கப் போனது. போன வேகத்தில் நின்றுவிட்டது. முட்டைக்கூட்டைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகச் சப்பட்டைகள். மூக்கு நுனித் துண்டு ஒன்றுதான் செத்துப்போயிருந்தது. வாலில் தலை முளைத்திருந்தது, தலையில் வால் முளைத்திருந்தது, நடுத்துண்டில் இரண்டும் முளைத்திருந்தன. வாலில் முளைத்தவள் புதுக்கண்ணால் நண்டைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் நண்டைக் கண்டதே இல்லை.

“...சோறு இல்லண்ணே” என்று அன்றைக்குப் பாதியில் அறுபட்ட பேச்சை முடித்தாள்.

மற்ற எல்லாரும் அதையே சொன்னார்கள். நண்டு கொடுக்கை ஓங்கியது. இன்னும் எத்தனை பேர் ஆவார்களோ என்று நினைத்ததும் ஓங்கிய கொடுக்கு தானாக இறங்கியது. பக்கவாட்டில் நகர்ந்து போய்விட்டது. அதன் முதுகுக்குப் பின்னால் முட்டைக்கூடு வெடித்தது. வெளியே வந்த பிள்ளைகளுக்கு அம்மா ஒருத்தி இல்லை, ஒரு கூட்டமே இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் உடம்பிலிருந்து ஒரு பங்கு எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது ஆய்வுக்கூடத்தில் படித்தவர்கள் பிளேடும் கண்ணாடித் தட்டுமாக உட்கார்ந்து, தட்டைப்புழுவை நறுக்கி, நண்டு தேடியதைத்தான் தேடுகிறார்கள். தின்பதற்கு அல்ல, விதையைத் தின்று தீர்த்த நமக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று பார்ப்பதற்கு. அன்றைக்குத் தூவியதுதான் இன்றைக்கும் ஒவ்வொரு துண்டிலும் முளைக்கிறது. விளக்கைப் போட்டால் மட்டும் எல்லாத் துண்டும் நிழலுக்கு ஓடுகிறது. வாலில் முளைத்த தலைக்கும் அந்த வெயில் நினைவிருக்கிறது.