மேனேஜருக்கும் ஒரு டோக்கன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே பொம்பளைங்க பாத்ரூம் போகணும்னா மரக்கட்டை டோக்கன் வாங்கணும். நாற்பது பேருக்கு ஒரே டோக்கன். ஆம்பளைங்களுக்கு அந்தத் தொல்லையே கிடையாது.

ஒருநாள் ஐரோப்பாவிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே மரியாதை இருந்தால்தான் ஆர்டராம். மேனேஜர் தண்டபாணி ஓடிப்போய், பொம்பளை சூப்பர்வைசரும் உண்டு என்று காட்ட, டெய்லர் வேலாத்தாளை சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஒரு மணி நேரம் நீதான் சூப்பர்வைசர். வாயைத் தொறந்தே, வேலை போயிரும்."

"இவங்களுக்கு என்ன அதிகாரம்?" என்று அதிகாரியம்மா கேட்டதை, கூட வந்தவர் தமிழில் சொன்னார்.

"எல்லா அதிகாரமும்! இவங்க சொன்னா நானே கேக்கணும்!" என்றார் தண்டபாணி. கையில் மூணாவது இளநீர்.

வேலாத்தாள் எழுந்தாள். "அப்படீங்களா சார்? அப்ப இனி ஆம்பளைங்களுக்கும் டோக்கனுங்க. உங்களுக்கும்தான்."

அதிகாரியம்மா கைதட்டி, அதை நோட்டில் எழுதிக்கொண்டார். தண்டபாணியும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

அரைமணி நேரத்தில், அதிகாரியம்மா கிளம்பும் முன்பே, இளநீர் வேலையைக் காட்டியது.

"வேலாத்தா, அந்த டோக்கன்..."

"முன்னாடி முப்பத்தொம்பது பேர் இருக்காங்க சார். வரிசையில நில்லுங்க."

"டோக்கனே வேண்டாம் தாயி! யாருக்கும் வேண்டாம்!"

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு ஓடுங்க சார்."

அந்தக் கையெழுத்து இன்னைக்கும் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. குதிச்சுக்கிட்டே போட்டது, அதான் அத்தனை கோணல்.