செவந்தியோட அஞ்சு பொந்து

முகில்மலைச் சரிவுல பட்டுப்போன கல்யாணமுருங்கை மரம் ஒண்ணு நின்னுச்சு. அதுல அஞ்சு பொந்து. அஞ்சையும் கொத்துனது செவந்திங்கற குக்குறுவான் குருவியும் அவ வீட்டுக்காரன் மருதனும்.

குக்குறுவானுங்க வருசா வருசம் முட்டை வைக்கப் புதுப் பொந்து கொத்தும். பழசை அப்படியே விட்டுட்டு வந்துரும். வேணுங்கறவங்க இருந்துக்கலாம். முன்பணம், வாடகை, "சைவமா அசைவமா", "கல்யாணம் ஆயிடுச்சா", ஒரு மண்ணும் கெடையாது.

அப்படித்தான் மேல பட்டாணிக்குருவி மிளகி இருந்தா. அவளுக்குக் கீழ குண்டுக்கரிச்சான், அதுக்கும் கீழ அணில், அடியில ஆந்தை. நடுப்பொந்து செவந்தியோடது. சாயங்காலம் பனி எறங்குறப்ப அஞ்சு வாசல்லயும் தலை நீட்டும். கரிச்சான் பாடும். அணில் நடுவுல பூந்து கெடுக்கும். ஆந்தை, இப்பத்தான்டா முழிச்சேன், அதுக்குள்ளயான்னு சலிச்சுக்கும். செவந்தி சிரிச்சு சிரிச்சு வாயில இருக்குற பழத்தைக் கீழ விட்ருவா.

அந்தத் தை மாசம் சொக்கன்னு ஒரு மைனா மலையேறி வந்தான். பொந்துத் தரகன். கீழ வெயில் தாங்கல, கிளியும் மைனாவும் கூட்டம் கூட்டமா மேல வரப்போவுது, ரெண்டு மழை போகட்டும், ஒரு பொந்துக்கு ஒரு அத்திமரத்தையே எழுதிக் குடுப்பாங்கன்னு அளந்து விட்டான்.

"நாலு பொந்தை ஓசியில விட்டு வெச்சிருக்கியே அக்கா, உனக்கு வெவரம் பத்தல" என்றான்.

செவந்திக்குச் சுருக்குன்னுச்சு. போன வருசம் அத்தி காய்க்காம, பசியில அவளோட குஞ்சு ஒண்ணு செத்துப்போச்சு. சொந்தமா ஒரு அத்திமரம் இருந்திருந்தா அது பொழச்சிருக்கும்ல?

ஆள் இருந்தா பொந்து பழசாயிடும், காலியா இருந்தாத்தான் மதிப்புன்னும் சொக்கன் ஓதினான். மருதன் கேக்கல.

"ஆள் இருந்தாத்தான் அது பொந்து. இல்லாட்டி மரத்துல ஒரு ஓட்டை, அவ்ளோதான்" என்றான்.

"உனக்குக் கொத்தத்தான் தெரியும். வாய மூடிட்டு கொத்து" என்றாள் செவந்தி.

மறுநாளே நாலு பேரையும் கெளம்பச் சொல்லிட்டா. கரிச்சான் பாட்டைப் பாதியில நிறுத்திட்டுப் போச்சு. அணில் ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லிட்டுப் போச்சு. ஆந்தை பகல் வெளிச்சத்துல கண்ணு கூசித் தடுமாறிப் போச்சு. மிளகி மட்டும் நின்னா.

"மதினி, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. ரேட்டு ஏறுது."

கிளிங்க வரத்தான் செஞ்சுது. ஒரு பெரிய கிளி நாலு பொந்தையும் பாத்து, புடிச்சு வெச்சதுக்கு அடையாளமா வாசலுக்கொரு எலையைச் செருகிட்டு, அத்திமரம் அடுத்த மழைக்குன்னு சொல்லிட்டுக் கெளம்புச்சு. எப்போ குடி வர்றீங்கன்னு செவந்தி கேட்டா.

"இருக்கறதுக்கில்லம்மா. சும்மா போட்டு வெக்க."

சரிவு பூரா இதே கூத்து. பொந்தெல்லாம் எலை செருகிக் காலியாக் கெடந்துச்சு. குருவியெல்லாம் வெளியில கெளையில உக்காந்து பனியில வெறைச்சுச்சு. இதுக்குப் பேருதான் வளர்ச்சின்னு சொக்கன் பீத்திக்கிட்டான்.

பங்குனில செவந்தி மூணு முட்டை வெச்சா. சாயங்காலம் தலைய நீட்டுவா. மேலயும் கீழயும் இருட்டு ஓட்டை. கரிச்சான் எந்த எடத்துல இழுத்துப் பாடும், அணில் எந்த எடத்துல பூந்து கெடுக்கும்னு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாப்பா. அந்தக் கெடுக்குற சத்தம் ஒரு தடவ கேட்டாப் போதும்னு இருக்கும்.

ஒரு நாள் காலையில மருதன் பழத்துக்குப் போயிருந்தான். கீழ்ப் பொந்துல சரசரன்னு சத்தம். அணில் திரும்பி வந்துட்டான்னு செவந்திக்கு அப்படி ஒரு சந்தோசம். பறந்து போய் எட்டிப் பாத்தா.

உள்ள கொம்பேறிமூக்கன் பாம்பு சுருண்டு கெடந்துச்சு.

"காலியாத்தானே கெடந்துச்சு? அதான் வந்தேன்" என்றது பாம்பு. "நடுவுல யாரு, நீங்கதானா? முட்டை எத்தனை?"

செவந்தி தொண்டை கிழியக் கத்தினா. முன்னாடின்னா மிளகி ஒருத்தி கீச்சுன்னாலே போதும், அஞ்சு வாசலும் சேந்து பறந்து வந்து பாம்பு தலையிலேயே கொத்தும். இன்னிக்கு ஒரு வாசல்லயும் ஒரு தலையில்ல. ஒத்தையா மோதிப் பாத்தா. மருதன் ஓடி வர்றதுக்குள்ள மூணு முட்டையும் போச்சு.

ரெண்டு பேரும் அன்னிக்கே மரத்தை விட்டுக் கெளம்பினாங்க. எதிர்ச் சரிவுல நனைஞ்ச கெளையில மிளகி உக்காந்திருந்தா. செவந்தி பக்கத்துல போய் உக்காந்தா. மிளகி கொஞ்சம் தள்ளி எடம் விட்டா.

அங்கேருந்து பாத்தா, கல்யாணமுருங்கை முன்னாடி சொக்கன் ஒரு புதுக் கிளி ஜோடியைக் கூட்டிட்டு வந்து நிக்குறான்.

"அமைதியான எடம். அக்கம்பக்கத் தொந்தரவே கெடையாது" என்றான்.

விலை ஏறட்டும்னு அக்கம்பக்கத்தைத் தொரத்திட்டு வீட்டைக் காலியா வெச்சா, ஆபத்து வர்ற அன்னிக்கு நம்ம கூட்டுக்கே கேக்க நாதி இருக்காது.