மலைநாட்டுக் கிணற்றில் ஒரு குடம்

முன்னொரு காலத்தில், அண்டை நாடுகளை ஒரே பானைச் சோற்றால் சேர்த்துக்கொண்ட அரசன் ஒருவன் இருந்தான். அவன் கூட்டணிக்கு வரும் நாடு தன் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அதில் பொங்கிய சோற்றை எல்லா அரசர்களும் உண்பார்கள். உண்டபின் ஒருவனுக்கு அடி விழுந்தால் எல்லாரும் வாளெடுப்பார்கள்.

வடக்கே எதிரிப்படை திரண்டபோது மலைநாட்டுத் தலைவி வேலாத்தாள் வந்து இடம் கேட்டாள். அரசன் தலை குனிந்தான். பழைய போரொன்றில் மலைநாட்டுக் கிணற்றைக் கல் போட்டு மூடியவன் அவன் பாட்டன்தான். அவளைச் சேர்த்துக்கொள்ள அவனுக்கு ஆசை. பழையதைப் பேச மட்டும் நா எழவில்லை.

அரசவை விகடன் சாத்தப்பன்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்ட தளவாய் வீரநாதர், குடம் தண்ணீர் ஊற்றாமல் யாரையும் சேர்க்கலாகாது என்றார். சாத்தப்பனே போய் அந்தக் கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவரட்டும், முடியாவிட்டால் மலையிலேயே கிடக்கட்டும் என்றார்.

அரசன் சாத்தப்பனிடம், "அந்தக் கிணத்துல இருக்கறதை ஒரு குடம் கொண்டு வா. பழங்கதை எதுவும் சபையில பேசப்படாது" என்றான்.

சாத்தப்பன் குடத்தோடு மலையேறினான். வெறுங்குடத்தோடு திரும்பினால் தன் பிழைப்பு போகும். அதைவிட, அந்த மலைச்சனம் எதிரி வாளுக்குத் தனியே நிற்கும். கிணற்று மேட்டில் வேலாத்தாள் அவன் குடத்தைப் பார்த்தாள்.

"உங்க ராசாவோட பாட்டன் போட்ட மூடி இது. நீ தண்ணி மொள்ள வந்திருக்க."

அவன் மூடிக்கிடந்த கற்களைத் தடவிப் பார்த்தான். பிறகு குனிந்து கல் பொறுக்கினான்.

அரசர்களும் வேலாத்தாளும் கூடிய சபையில், கொதிக்கும் பானைமுன் சாத்தப்பன் குடத்தைக் கவிழ்த்தான். கற்கள் உருண்டன. வாய்விட்டுச் சிரித்த தளவாய், ஒவ்வொரு கல்லிலும் யானை முத்திரையைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

"கிணத்துல இருக்கறதைத்தான் மகாராஜா கேட்டீங்க. இருந்தது இதுதான். தண்ணி இதுக்கு அடியில இருக்கு. பழங்கதை நான் ஒரு வார்த்தை பேசலை."

அரசன் ஒரு கல்லை எடுத்துத் தன் மோதிரத்தோடு வைத்துப் பார்த்தான். அதே யானை. மெல்ல அவன் தோள்கள் குலுங்கின; கண் நனையச் சிரித்தான்.

"எங்க பாட்டனையே குடத்துல தூக்கிட்டு வந்துட்டியேடா."

பிறகு வேலாத்தாளிடம் திரும்பினான். "மூடினது நாங்கதாம்மா. உங்களைச் சேத்துக்கிட்டா என் பாரம் எறங்கிடும்னு நெனச்சேன்."

"மொதல்ல கல்லை எறக்குங்க ராசா" என்றாள் அவள்.

சாத்தப்பன் கழுத்தில் அரசனின் முத்துமாலை விழுந்தது. கல்லெடுக்கத் தளவாயே யானைப்படையோடு மலையேறினார். அந்தப் படையைக் கண்ட எதிரி வடக்கே திரும்பிவிட்டான்.

புதுத் தண்ணீரில் பொங்கிய சோறு சேறு மணத்தது. அரசன் முதலில் உண்டான். இன்னொரு பிடி கேட்டு வாங்கினான்.