சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு ஆள் எதற்கு?

எங்கள் தெரு மாவு மில்லில் மிஷின் ஓடினால் அண்ணாச்சி பேச மாட்டார். அண்ணாச்சி பேசினால் மிஷின் ஓடாது. இரைச்சலில் தன் பெருமை யார் காதிலும் விழாமல் போய்விடுமே என்று, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார் சங்கரலிங்கம். மில்லுக்கு முதலாளியும் அவர்தான், வேலையாளும் அவர்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள். கோதுமை டப்பாவோடு நான் போனபோது வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எனக்கு முன்னால் ஜெயக்கொடி அக்கா. அவள் தூக்குவாளியில் அதிரசத்துக்கு ஊறவைத்து அரை ஈரமாக உலர்த்திய பச்சரிசி. ஈரம் காய்வதற்குள் அரைத்தாக வேண்டும்; காய்ந்தால் அதிரசம் கல்லாகிவிடும். மகளுக்குத் தலைதீபாவளி. கல்யாணத்தில் கொடுத்த அதிரசத்தைத் தட்டிப் பார்த்து "ஓடு வேய்ஞ்சிரலாம்" என்று சொன்ன சம்பந்தியம்மாள் நாளைக்கு வருகிறாள். அக்கா அரிசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு கூட்டத்துக்கு ஒரு ஆளை வச்சுக்கிட்டா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டுத் தொலைத்தார், பின்னால் மிளகாய் வத்தலோடு நின்ற கோமதிநாயகம். அவ்வளவுதான், மிஷின் நின்றது.

"ஆளா? எனக்கா? போன தீபாவளிக்கு வந்திருக்கணும் நீங்க. வரிசை இங்கன ஆரம்பிச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்கி. கடைசில நின்னவங்க டிக்கெட் எடுத்து பஸ்ல வந்து சேந்தாவ. வலது கையில அரிசி, இடது கையில கோதுமை, கால் பெருவிரல்ல மல்லி. அம்புட்டையும் ஒத்த ஆளா அரைச்சேன்."

"வத்தல்?"

"அது என் மூஞ்சியைப் பாத்த பயத்துலயே பொடியாயிட்டு."

"அண்ணாச்சி, ஈரம் போவுது," என்றாள் அக்கா.

"இரும்மா, கதை இனிமேத்தான் இருக்கு. பாதியில கரண்ட் போச்சு. வேற எவனா இருந்தாலும் கடையைச் சாத்தியிருப்பான். நான் பெல்ட்டைக் கையால ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்க, மிஷின் ஓடுன ஓட்டத்துல கரண்ட் உண்டாகி, வயர் வழியாத் திரும்பிப் போயி, ஊரு பூரா லைட்டு எரியுது! கரண்ட் ஆபீஸ்காரங்க ஓடி வந்து, 'மெதுவாச் சுத்துங்க அண்ணாச்சி, பல்பெல்லாம் வெடிக்கி'ன்னு கையெடுத்துக் கும்பிடுதாவ."

"எங்க வீடு அன்னைக்கு இருட்டாத்தான கிடந்துச்சு?" என்றார் கோமதிநாயகம்.

"சுவிட்சைப் போட்டீரா?"

கோமதிநாயகம் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆளே வைக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒருத்தனை வச்சேன். வந்தவன், மாவுத்தூசி விழுந்துட்டுன்னு கண்ணைக் கசக்குனான். கசக்கிட்டுத் திறக்கதுக்குள்ள நான் பொங்கல் வேலை வரைக்கும் முடிச்சிட்டேன். அழுதுட்டே போயிட்டான் பாவம். அப்புறந்தான் என் நிழலையே வேலைக்கு வச்சேன். நான் அரைப்பேன், அது மூட்டை கட்டும்."

"உச்சி வெயில்ல நிழல் காலடிக்குள்ள சுருங்கிருமே?" என்று நான் மடக்கினேன்.

"சுருங்கும்லா? அதுக்கு அப்பத்தான் சாப்பாட்டு நேரம்."

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஓர் அரிசியை வாயில் போட்டுக் கடித்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் சிரித்ததற்கு எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணாச்சியைத் தாண்டி உள்ளே போய் சுவிட்சைப் போட்டு, அரிசியை மிஷின் தொட்டியில் கொட்டினாள்.

ஆரம்பித்த கதையை அண்ணாச்சி நிறுத்தவில்லை. சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஈர அரிசி தொட்டியில் அடைத்துக்கொள்ளும். மேலே ஒருவர் கம்பால் தள்ள வேண்டும், கீழே ஒருவர் மாவு இறங்கும் துணிக்குழாயைத் தட்ட வேண்டும். அக்கா என் கையில் கம்பைத் திணித்தாள். கோமதிநாயகம் துணியைத் தட்டினார். விழுந்த மாவை அள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிடித்த பிடி உதிராமல் நின்றது. அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது.

வேலை முடிந்ததென்று போகாமல், அடுத்தவர் டப்பாவையும் வாங்கினாள். ஆளுக்கொரு கை போட்டோம். பக்கத்தில் இருந்த இன்னொரு மிஷினில் கோதுமை, பிறகு மல்லி, காரம் ஒட்டும் என்பதால் கடைசியில் வத்தல். அண்ணாச்சி அதற்குள் ஒரு தடவை குதித்தார், இரண்டு கையாலும் வானத்திலிருந்து எதையோ பிடித்து இறக்கினார். என்னவென்று இன்றுவரை தெரியாது. எனக்கு அது ஒரு குறைதான்.

வரிசை தீர்ந்ததும் அக்கா சுவிட்சை அணைத்தாள்.

"...இப்படித்தான், ஒரு ஈ காக்கா துணையில்லாம அம்புட்டையும் ஒத்த ஆளா முடிச்சேன்!" என்று அண்ணாச்சியின் குரல் திரும்பி வந்தது. நிரம்பியிருந்த டப்பாக்களைப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தீங்களா? பேசிக்கிட்டே வரிசையைத் தீத்துட்டேன். இப்பச் சொல்லுங்க, எனக்கு ஆளு வேணுமா?"

ஜெயக்கொடி அக்கா தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"பேசுததுக்கு வேண்டாம் அண்ணாச்சி."