ஆறு கோழியில் பத்தில் ஒன்று

சொர்ணபாய் வீட்டில் பதினான்கு கோழிகள் இருந்தன. வெள்ளைக்கழிசல் நோய் வந்து ஒரே வாரத்தில் எட்டைக் கொண்டுபோயிற்று.

அந்த வாரம்தான் வெளியூர்ப் பிரசங்கி ஒருவர் மேடையில் முழங்கிவிட்டுப் போயிருந்தார்: பத்தில் ஒன்றைத் தசமபாகமாக ஆண்டவருக்குக் கொடுக்காத வீட்டில் சாபம் குடியிருக்கும். அதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசி கொதிக்கும்போதே எழுந்துபோய்க் கூட்டை எட்டிப் பார்ப்பாள்.

உள்ளே கட்டிலில் கணவன் தாசையா இருமிக்கொண்டு கிடந்தான். காசநோய். தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். மிஞ்சிய ஆறில் முட்டையிடுவது ஒரு கரும்பெட்டை மட்டும்தான்.

புதன்கிழமைதோறும் வேதபாடம் நடத்தும் போதகர் யோவேல் ஐயாவிடம் எட்டு வருடமாகப் படிக்கிறவள் அவள். நேரே அவர் வீட்டுக்குப் போனாள். ஐயா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, பத்தில் ஒண்ணு இந்தக் காலத்திலயும் கட்டாயமா?"

"எத்தனை கோழி இருக்கும்மா?"

"ஆறு."

"ஆறில் பத்திலொண்ணு எவ்வளவு?"

விரலை மடக்கிப் பார்த்தாள். "முக்கால் கோழிகூடத் தேறாது."

"முக்கால் கோழியை வச்சு ஆண்டவர் என்ன செய்வார்?"

"விளையாடாதீங்க ஐயா. எவ்வளவு கொடுத்தா இந்தச் சாபம் போகும்? அதைச் சொல்லுங்க."

ஐயா எண்ணெய்க் குப்பியை மூடினார். "அந்த விலை எனக்குத் தெரியாதும்மா."

அவள் கோபத்தோடு திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை கரும்பெட்டையின் காலைக் கட்டி எடுத்துப்போய் ஆலயத்தில் காணிக்கையாக வைத்தாள்.

ஆராதனை முடிந்ததும், வழக்கம்போல, காணிக்கையாக வந்த பூசணியையும் வாழைத்தாரையும் கோழியையும் வெளியே வைத்து ஏலம் போட்டார்கள். கோழியை ஐயாவே ஏலம் கேட்டார். விடாமல் ஏற்றிக் கேட்டார். "ஐயா வீட்டுல இன்னைக்குக் கோழிக்குழம்பு" என்று யாரோ சிரித்தார்கள். சொர்ணபாய் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

வீட்டில் தாசையா கேட்டான். "கருப்பி எங்கே?"

"ஆண்டவருக்குக் கொடுத்துட்டேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

வெயில் தாழ்ந்த நேரம் ஐயாவின் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. கையில் கோழி.

"கூட்டைத் திறங்கம்மா."

சொர்ணபாய் கூட்டை மறித்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம் ஐயா. கொடுத்ததைத் திரும்ப வாங்கினா அது காணிக்கையா? இருக்கிற அஞ்சும் செத்துப்போகும்."

"இதை யாருக்குக் கொடுத்தீங்க?"

"ஆண்டவருக்கு."

"முழுசாவா?"

"ஒரு இறகுகூட வச்சுக்கலை."

"அப்போ இது இப்போ யார் கோழி?"

"ஆண்டவர் கோழி."

உள்ளே இருமல் எழுந்தது. அது அடங்கியதும் ஐயா கேட்டார்.

"அவர் கோழி எந்த வீட்டுக்குப் போகணும்னு அவருக்கு நீங்க ஏன்ம்மா சொல்லித் தர்றீங்க?"