அடிவாங்கும் வரி

ஒரு தேர்வுத்தாளின் ஏழாம் கேள்வியில் நான்கு வாக்கியங்கள் குடியிருந்தன.

மூத்தது அலங்காரம். ‘எங்கள் ஊர்ச் சந்தை புகழ்பெற்றது’ என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்ளும். அடுத்தது எதிர்ப்பேச்சு. ‘கடைத்தெரு நெரிசலுக்குச் செவ்வாய்ச் சந்தைதான் காரணம் எனச் சிலர் சொல்கிறார்கள்’ என்பது அதன் பேச்சு. மூன்றாவதான சான்று உடனே பாய்ந்து மறிக்கும்: ‘ஆனால், சந்தை கூடாத நாளிலும் அதே நெரிசல்தான்.’ கடைசியில் முடிவு, ‘ஆகவே, நெரிசலுக்குச் சந்தை காரணமல்ல’ என்று கதவைச் சாத்தும்.

எதிர்ப்பேச்சுக்கு ஒரு பொழுதும் இருப்புக்கொண்டதில்லை. எழுந்து நிற்கும், உட்காரும், பத்தியின் ஓரத்துக்குப் போய் வெளியே எட்டிப் பார்க்கும். தான் சொல்வதை வீட்டிலுள்ளவர்களே மறுக்கிறார்கள். பிறகு தன்னை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது அதற்கு விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செய்தி வந்தது: பத்தியில் ஒரு வரி அதிகம், ஒருவரை எடுத்தாக வேண்டும். கேள்வி தயாரிக்கும் சுலோசனா டீச்சர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

“இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு எதிராளிக்குப் பரிந்து பேசுகிறவன் நீ ஒருத்தன்தானே தம்பி,” என்றது அலங்காரம். “நீயாகவே மூட்டையைக் கட்டிவிடு. மரியாதையாவது மிஞ்சும்.”

சான்றும் தலையாட்டியது. தினமும் இவரோடு மல்லுக்கட்டிக் கை வலிக்கிறதாம். முடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதுதான் எதிர்ப்பேச்சுக்கு அதிகம் சுட்டது.

பென்சில் வந்தது. எதிர்ப்பேச்சின் மேல் கோடு விழுந்தது.

டீச்சர் மீதியை வாசித்துப் பார்த்தார். சந்தை புகழ்பெற்றது என்றது அலங்காரம். சான்று பழக்கதோஷத்தில் ‘ஆனால்’ என்று கையை ஓங்கிப் பாய்ந்தது. எதிரே ஆளில்லை. பாய்ந்த வேகத்தில் முடிவின்மேல் போய் விழுந்தது. முடிவு தட்டுத்தடுமாறி எழுந்து, சந்தை காரணமல்ல என்றது.

“காரணம் என்று இப்போது யார் சொன்னார்கள்?” என்று முணுமுணுத்தார் டீச்சர்.

சான்று மெல்லக் குனிந்து, கோட்டுக்கடியில் மூச்சுத் திணறிக் கிடந்த எதிர்ப்பேச்சைத் தொட்டது.

“அண்ணே, எழுந்து வாங்க. உங்களை அடிக்காமல் எனக்கு இங்கே என்ன வேலை?”

ரப்பர் வந்து கோட்டைத் துடைத்தது. பென்சில் அலங்காரத்தின்மேல் இறங்கியது. அலங்காரம் போன பிறகு டீச்சர் மறுபடி வாசித்தார். எங்கும் இடறவில்லை.

பிறகு பென்சில் எதிர்ப்பேச்சிடம் திரும்பி வந்தது. அது கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் இந்த முறை கோடு மேலே விழவில்லை, கீழே விழுந்தது. அதற்கும் கீழே டீச்சர் கேள்வியை எழுதினார்: ‘அடிக்கோடிட்ட வாக்கியம் இந்த வாதத்தில் என்ன வேலை செய்கிறது?’

தேர்வு நாளன்று முதல் மாணவி தாளைப் புரட்டினாள். சான்று கையை ஓங்கியது.

எதிர்ப்பேச்சு இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்து, நெஞ்சைக் காட்டியது.